எறும்புகள் கைவிட்ட சாலை

இங்கே காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். அறந்தாங்கியிலிருந்து மலேசியாவின் சுங்கை பட்டாணிக்கு வந்த புதிதில், என் முகத்தில் பசி தெரிகிறதோ என்று கூசிப்போனேன். காலை உணவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மேரி அக்காவும் முதலில் அதைத்தான் கேட்டார். கோலா கெத்திலுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் தனியாக வாழ்ந்தவர். சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸுக்காக ஓர் அறநிலையத்தின் வேனில் டவுனுக்கு வந்துபோவார்.

அந்த வேன் எந்த வழியில் போவது என்று வகுக்கும் வேலை எங்கள் மென்பொருள் அலுவலகத்துக்கு வந்தது. எறும்புக் கூட்டத்தின் முறையைக் கணினியில் எழுதினோம். எறும்பு போகும் வழியெல்லாம் வாசனை விட்டுச் செல்லும். குறுக்கு வழியில் நடமாட்டம் கூடி வாசனை ஏறும், சுற்றுவழியில் காய்ந்துவிடும். கணினி எறும்புகள் கண்ட வழியில் வேனுக்கு இன்னொரு நடை போக நேரம் மிஞ்சியது. காத்திருந்த நோயாளிகள் சிலருக்கு இடம் கிடைத்தது. தோட்டத்துச் செம்மண் சாலையின் வாசனை மட்டும் காய்ந்தது. மேரி அக்கா இனி முச்சந்திவரை நடந்து வர வேண்டும்.

சிறுவயதில் காய்ச்சலோடு என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா நின்ற நிறுத்தத்தில், பேருந்து நிற்காமல் போனதுண்டு. மண்ணை வாரி ஓட்டுநரைத் தூற்றினாள். இங்கே யாரைத் தூற்றுவது?

ஒருநாள் சிகிச்சை முடிந்து திரும்பிய அக்காவோடு முச்சந்தியிலிருந்து நடந்தேன். இரண்டு இடங்களில் உட்கார்ந்துவிட்டார். "போறப்ப பரவால்ல தம்பி. திரும்புறப்பதான் காலு சொன்ன பேச்சு கேக்கல."

"வேன உள்ள வரச் சொல்றேன்கா."

"எனக்காக இன்னொருத்தர எறக்கிடாதீங்க லா" என்றார், இந்த ஊர்ப் பேச்சின் "லா"வோடு.

அறநிலையத்தின் மலாய் மேலாளரிடம் போய்க் கேட்டேன். இருப்பது ஒரே வேன். யாரை இறக்க அவருக்கும் மனம் வரும்? "நந்தி கீத்தா தெங்கோ" என்று சிரித்தார். பிறகு பார்ப்போம் என்று பொருள். வாக்குக் கொடுத்துவிட்டார் என்று நம்பி அக்காவிடம் சொன்னேன். "அண்ணே, அது முடியாதுன்னு மரியாதையா சொல்றது லா" என்று அலுவலக நண்பர் குமார் விளக்கியபோது மழைக்காலம் பிடித்துவிட்டது. சேற்றில் அக்காவால் நடக்க முடியவில்லை. வேன் முச்சந்தியில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. வராதவரின் இடத்தைக் கணினி வேறொருவருக்குக் கொடுத்தது. அக்காவின் பக்கத்து வீட்டார் அழைத்து நான் காரில் போனபோது, டயாலிசிஸ் தவறியதில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். மருத்துவமனையிலிருந்து அவர் வீடு திரும்பவில்லை.

பாடாங் செராய்க் கல்லறையில் அக்காவை அடக்கம் செய்தபோது ஒரு பெண் என்னைப் பார்த்து, "நீங்க எந்தத் தோட்டம் தம்பி?" என்றார்.

"எந்தத் தோட்டமும் இல்லக்கா."

அவர் என் கையில் ஒரு பிடி மண்ணை வைத்தார். ஊரில் அப்பாவுக்கு வாய்க்கரிசி போடப் போய்ச் சேராத கை அது.