ரேணிகுண்டாவில் கரி வண்டி

ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் திருமலைப் பக்கம் திரும்பிக் கும்பிடுகிறார்கள். பெஞ்சில் என் பக்கத்திலிருந்த நாகலாபுரத்துப் பெண் மட்டும் எழுந்து, எதிர்த்தண்டவாளத்தில் போகும் கரி வண்டியைக் கும்பிடுகிறாள்.

"இதை எதுக்கும்மா கும்பிடுறீங்க?"

"எங்க நைனா தெலங்கானாவுல கரி சொரங்கத்துல வேலை செஞ்சாரு சார். மேல இடிஞ்சி வுழுந்துச்சி, ஒடம்பு கெடைக்கல. அந்த ஊருக்குன்னே தனியா ஒரு லைன் கீது. வருசா வருசம் அதுல போயி, சொரங்கத்து வாசல்ல கற்பூரம் ஏத்திட்டு வருவோம். அப்பறம் ஆளுங்க போற வண்டிய நிறுத்திட்டாங்க. கரி மட்டும் வந்துக்கினு கீது."

கடைசிப் பெட்டியும் கடக்கிறது. காற்றில் பறந்த கரித்தூள் எங்கள் இருவர் முகத்திலும் படிகிறது. நான் அவசரமாகக் கைக்குட்டையை எடுத்துத் துடைக்கிறேன்.

அவள் துடைக்கவில்லை.