பக்கத்தில் தட்டிய மணி

மகளே, அந்தச் சீன மணிகளை நீ மறந்திருக்க மாட்டாய். டுசல்டோர்ஃபில் நான் வேலை செய்யும் வார்ப்புப் பட்டறையில், ஓர் அருங்காட்சியகத்துக்காகப் பழைய மணிகளைப் பார்த்து அதேபோல வெண்கலத்தில் வார்த்தோம். வார்த்ததில் நிற்கும் பிசிறைக் கிரைண்டரால் தேய்த்து எடுப்பது என் வேலை. நீ பிறக்க முதலே அதுதான் என் வேலை.

அவை எங்கள் கோயில் மணிபோல வட்டமில்லை. இரண்டு கூரை ஓடுகளை முகம் பார்க்க ஒட்டியதுபோல ஒடுங்கி இருக்கும். உள்ளே நாக்கு இல்லை, வெளியே தட்ட வேண்டும். நடுவில் தட்டினால் ஒரு சுரம், பக்கத்தில் தட்டினால் இன்னொன்று. அந்தக் காலத்தில் அரசன் செத்தால் இப்படியான மணிகளையும் கூடவே புதைத்தார்களாம். சில இடங்களில் இளம் பெண்களையும்.

அப்போது நீ சில நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏனென்று எனக்குத் தெரியவில்லை. கோபம் ஆறட்டும் என்றுதான் மணிகளைப் பார்க்க அருங்காட்சியகத்துக்கு எல்லோரையும் கூட்டிப் போனேன். ஆகச் சின்ன மணிக்கு முன்னால் நீ மரச்சுத்தியலை எடுத்தாய்.

"அப்பா, அங்காலை திரும்பி நில்லுங்கோ. நடுவோ பக்கமோ எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"நான் தேய்ச்ச மணி. எனக்குத் தெரியாதோ?"

தட்டினாய். எனக்கு மரம் படும் 'டொக்' மட்டும் கேட்டது. "நடு," என்றேன்.

"பிழை! பக்கம். சும்மா அடிச்சு விடுறியள்."

உன் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "நான் கத்தினாலே அவருக்கு விளங்காது. மணி விளங்குமோ?" என்றார் உன் அம்மா. நானும் சிரித்தேன்.

"இப்ப?" என்றாய்.

"முதல்லை தட்டு பிள்ளை, பிறகு சொல்லுறன்."

"மெல்லமாத் தட்டிக்கொண்டுதானே நிக்கிறன், அப்பா."

பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

காது டாக்டரைப் பார்க்க நேரம் கிடைக்க நாளானது. கிரைண்டர் இரைச்சலில் மெல்லிய, உயர்ந்த சத்தங்கள் கேட்காமல் போய்விட்டன, போனது திரும்பாது என்றார். காதில் மெஷின் பூட்டினாலும் ஓரளவுதானாம். பட்டறையில் வேறு பிரிவு கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. நாளைக்கும் அதே கிரைண்டர்தான்.

அன்று மணிகளைப் பார்த்துவிட்டு வரும்போது ட்ராமில் நீ என்னவோ கேட்டாய். நான் சும்மா தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா சொன்னார். "அப்ப, நான் அறைக்குள்ளை இருந்து கூப்பிடேக்கை அப்பா வராதது கோவத்திலையோ?" என்று கேட்டாயாம். அதற்கு நான் தலையாட்டியிருக்கிறேன்.

இல்லை மகளே. உன் குரல் அந்தச் சின்ன மணியைப் போன்றது. கிட்ட வந்து, என் முகத்துக்கு நேரே நின்று கூப்பிடு.