நாற்பது மிஷினுக்கு ஒரு டோக்கன்

தையல் ஃபேக்டரியில் அவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்றுதான் சொல்வார்கள். மூன்றாவது லைனின் சூப்பர்வைசர். நாற்பது மிஷினுக்கும் சேர்த்து, பாத்ரூம் போக ஒரே ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் டோக்கன். அது அவள் கழுத்தில் தொங்கும். போக வேண்டியவள் ஒற்றை விரலைத் தூக்க வேண்டும். அக்காவுக்கு மனது வந்து டோக்கனைக் கழற்றித் தந்தால்தான் எழுந்திருக்கலாம். கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிவிட முடியாது. பதினாறு வருஷம் அதே மிஷினில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்து மேலே வந்தவள். தான் பட்டதை மற்றவர்களும் பட்டால் என்ன குறைந்துவிடும் என்கிற ரகம்.

விரல் தூக்க வேண்டுமே என்று பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். பிறகு நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? அதற்கும் அக்காவின் பையில் வைத்தியம் இருந்தது. எந்தக் காலத்திலோ டாக்டர் அவளுக்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக். பெயரைச் சொன்னால் மருந்துக் கடையில் கொடுத்துவிடுவார்கள்.

"இப்ப ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எரிச்சல் நின்னதும் நிறுத்திடு, உடம்புக்குச் சூடு" என்பாள். கைராசிக்காரி என்று பெயர் வேறு.

கூடப்பிறந்த தங்கையும் அதே லைனில்தான் காலர் தைத்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. தங்கைக்கு மட்டும் சலுகை காட்டினால் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசுவார்களே என்று, அவள் விரலை மட்டும் அக்கா கடைசியாகத்தான் பார்ப்பாள். நாலாம் மாதத்தில் எரிச்சல் ஆரம்பித்தது.

"டாக்டர்கிட்ட போய்க் காட்டட்டுமாக்கா?"

"இதுக்குப் போய் ஒரு நாள் லீவா? இந்தா, ரெண்டு போடு."

அப்படியே நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் எரிச்சல் நின்றது. ஏழாம் மாதத்தில் ஒரு நாள் குளிர் காய்ச்சல் தூக்கிப்போட, தங்கை மிஷின் மேலேயே சாய்ந்தாள். அவள் புருஷன் லாரியோடு வெளியூரில் இருந்தான். அக்காதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருக்கு. முன்னாடி ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

தங்கை அக்காவைப் பார்த்தாள். யார் கொடுத்தது என்றுதான் அடுத்த கேள்வி வரும். அதற்கு ஒரு லைனே சாட்சி. அக்கா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"இல்லைங்க" என்றாள் தங்கை.

இரண்டு நாள் ஊசி ஏறியும் காய்ச்சல் இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று அக்கா டாக்டர் அறை வாசல்வரை மூன்று முறை போனாள். மூன்று முறையும் திரும்பி வந்தாள். மூன்றாம் நாள் மத்தியானமே வலி கண்டது. பிள்ளை பிறந்தது, அழவில்லை.

மறுநாள் காலையில் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. "பதினோரு மருந்து வச்சுப் பார்த்தோம். ஒன்பதுக்கு இந்தக் கிருமி அசையவே இல்ல. அரைகுறையா மாத்திரை போட்டுப் பழகின கிருமியாத்தான் இருக்கும். முதல்லயே தெரிஞ்சிருந்தா அன்னிக்கே மருந்தை மாத்தியிருப்போம்" என்றார் டாக்டரம்மா. அவர் கோபப்படக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அக்காவுக்கு.

மருந்தை மாற்றிய மறுநாள் தங்கைக்குக் காய்ச்சல் விட்டது. சாயங்காலம் கண் விழித்தவள், பக்கத்து ஸ்டூலில் இருந்த அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, ஊசி குத்தியிருந்த கையில் ஒற்றை விரலைத் தூக்கினாள்.

அக்காவின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. அன்று ஃபேக்டரியிலிருந்து ஓடி வந்த அவசரத்தில் கழற்ற மறந்த டோக்கன் அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"போகட்டுமாக்கா?" என்று கேட்டாள் தங்கை.