ஒட்டுப்பால் அரக்கனைத் தாங்கிப் பிடித்தது யார்?

ராட்சச வீரன் படம் எடுக்கும் தொழிலில் இரண்டு வகை மனிதர்கள்தான் உண்டு: முகம் காட்டுகிறவர், உடுப்புக்குள் வேர்க்கிறவர். பெயர் போய்ச் சேர்வது முதலாமவருக்கு.

எங்கள் படத்தில் அநியாயம் நடந்தது ஈஸ்வரி அக்காவுக்கு. பதினொரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளி உடுப்புக்குள் நின்று, உருண்டு, புரண்டு, உதை வாங்கியது அவர். எங்கள் ஊர் பாடாங் செராய் முழுக்க ஒட்டிய போஸ்டரிலோ 'மாவீரனாக: குமரன்' என்று கொட்டை எழுத்து. ஈஸ்வரி அக்காவின் பெயர் மூலையில், 'உதவி' என்ற தலைப்பில், தண்ணீர் கேன் தூக்கி வந்தவருக்கும் கீழே!

கோயில் திருவிழாவுக்கு நீங்கள் பந்தல் கட்டி, மேடையில் வேறொருவர் மாலை வாங்கியதைப் பார்த்து எப்போதாவது கொதித்திருந்தால், நீங்கள் என் கட்சி. உட்காருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் யாழினி, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. படத்துக்குக் கதை, இயக்கம், கேமரா மூன்றும் நானே. சின்ன வயதில் டிவியில் ஜப்பான் தொடர்கள் ஓடும். மலை உயரத்துக்கு ஒரு பூதம் வரும், அதே உயரத்துக்கு ஒரு வீரன் எழுந்து நிற்பான், நகரம் தூள் தூளாகும், நாங்கள் சோற்றுக் கையோடு கைதட்டுவோம். அப்போதே எனக்கு ஒரு வருத்தம். எப்போது பார்த்தாலும் ஜப்பானே ஏன் அழிய வேண்டும்? மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்துக்கு என்ன குறை? இந்த நியாயமான கேள்வியிலிருந்துதான் எங்கள் இருபத்திரண்டு நிமிடப் படம் பிறந்தது. பூதத்தின் பெயர் ஒட்டுப்பால் அரக்கன். ரப்பர் மரத்தில் வழிந்து காய்ந்த ஒட்டுப்பாலை மூட்டை கட்டி வைத்தால் என்ன நாற்றம் நாறும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூட்டைக்கு உயிர் வந்தால்? அவ்வளவுதான் கதை!

ஹெல்மெட்

மாவீரன் உடுப்பு என்பது ஒரு மழைக் கோட்டு, இரண்டு யோகா பாய், ஒரு மோட்டார் ஹெல்மெட், மேலே வெள்ளி ஸ்பிரே. நெற்றியில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் கட்டிக்கொள்ளும் விளக்கு. அது மங்கினால் வீரனுக்குச் சக்தி போகிறது என்று அர்த்தம். என் பெரியம்மா மகன் குமரன், கைப்பேசிக் கடையில் வேலை, சினிமா முகம். மனித உருவில் வரும்போதும் அவன், ராட்சச உருவிலும் அவன் என்பதுதான் திட்டம். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை அந்தக் காலத்தில் பார்த்துக்கொண்ட, இப்போது எஸ்டேட்டில் சும்மா கிடந்த பழைய ஆயா கொட்டகைதான் எங்கள் ஸ்டூடியோ. தகரக் கூரை. உடுப்பைப் போட்ட மூன்றாவது நிமிடம் குமரன் வெட்டிய வாழை மாதிரி சாய்ந்தான். மூன்று நிமிடம் என்று சொல்வதுகூட உறவுக்காக.

அவனை விசிறிக்கடியில் கிடத்திவிட்டு, தையல் பிரிந்திருக்கிறதா பார்க்கலாம் என்று உடுப்பைத் தைத்துக் கொடுத்த ஈஸ்வரி அக்காவையே போட்டுப் பார்க்கச் சொன்னேன். பக்கத்து வீடு, இருபத்தேழு வயது, கையுறை ஃபேக்டரியில் வேலை, பள்ளியில் கபடிக் குழு, கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். போட்டார். நடந்தார். திடீரென்று எம்பி, சுவரில் சாத்தியிருந்த மெத்தையை ஓர் உதை! மெத்தை இரண்டாக மடிந்தது. நான் கத்திவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் அவரும் ஏதோ கத்தினார், வெளியே 'ம்ம்ம்' என்றுதான் கேட்டது. அன்றே ஒரு விதி போட்டோம்: ஹெல்மெட்டில் இரண்டு தட்டு தட்டினால், பேச வேண்டும், கழற்று என்று அர்த்தம். டொக், டொக். கழற்றினேன். முகம் முழுக்க வேர்வை, வாய் முழுக்கச் சிரிப்பு.

"ஃபேக்டரியில ஓவன் பக்கத்துல எட்டு மணி நேரம் நிக்கிறேன் யாழினி, இதுக்குள்ள ஏர்கோன் மாதிரி இருக்கு லா!"

தௌக்கேயின் கோபம்

பிஸ்கட் பெட்டி அட்டையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பாடாங் செராய் கட்டினோம். கடைத்தெரு, தமிழ்ப்பள்ளி, பேருந்து நிற்குமிடம், எஸ்டேட் மாரியம்மன் கோயில், பின்னால் செம்பனைக் காட்டுக்குப் பதில் பூந்துடைப்பங்கள். ஐஸ்கிரீம் குச்சியில் நானே கோபுரம் செய்தேன். வெள்ளி ஸ்பிரே தீர்ந்துபோய் ஹார்ட்வேர் கடைக்குப் போனபோது, கடை முதலாளி, எங்கள் எல்லோருக்கும் தௌக்கே, என் கைப்பேசியில் அட்டை ஊரின் படத்தைப் பார்த்தார். சீனர். தமிழ் நம்மைவிடச் சுத்தமாகப் பேசுவார். பெரிதாக்கிப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார், முகம் சுருங்கியது. காப்பிக் கடை இருந்தது, நகைக் கடை இருந்தது, இவர் கடை இல்லை.

இடம் போதவில்லை அங்கிள், அதுவுமில்லாமல் எல்லாக் கடையையும் அரக்கன் மிதிக்கப் போகிறான், உங்கள் கடை தப்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று வாதாடிப் பார்த்தேன். அவர் இரண்டு ஸ்பிரே டின்னை எடுத்து மேசைமேல் வைத்தார். பணம் நீட்டினால் வாங்கவில்லை.

"நாப்பது வருஷமா அதே இடத்துல கடை போட்டிருக்கேன் தங்கச்சி, ஊரையே மிதிக்கிற அரக்கன் கண்ணுக்கு என் கடை மட்டும் தெரியலையா லா?"

மறுவாரமே கட்டி, முதல் மிதி அவர் கடைக்குத்தான்.

கற்பூரம்

இது என் தப்பு. விவாதத்துக்கே இடமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். முதல் நாள் படப்பிடிப்பென்றால் பூசை போட வேண்டுமே என்று கேமராவுக்குக் கற்பூரம் காட்டச் சொன்னது நான். அரக்கன் உடுப்புக்குள் போகிற சிவா அண்ணன்தான் காட்டினார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், அரக்கனுக்கேற்ற உடம்பு, நெற்றி நிறைய விபூதி. கேமராவுக்குக் காட்டினார். எலுமிச்சை வெட்டினார். பிறகு சுடர் அணையுமுன் அப்படியே திரும்பி, அட்டைக் கோயிலுக்கும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். நாங்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஒன்பதாவது ஞாயிறுதான் வினை தெரிந்தது. கதைப்படி அரக்கன் கோபுரத்தை இடித்துத் தள்ள வேண்டும், அதைப் பார்த்து மாவீரன் பொங்க வேண்டும். 'ஆக்‌ஷன்' என்றேன். தௌக்கே கடையை மிதித்து, பள்ளியை உதைத்து வந்த அரக்கன், கோயில் வந்ததும் நின்றான். ஓரமாக ஒதுங்கினான். வலம் வந்தான்! கேமராவில் பழைய காட்சிகளை ஓட்டிப் பார்த்தால், எட்டு வாரமாக எல்லோரும் அந்த அட்டைப்பெட்டிப் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடந்திருக்கிறோம். நானும்தான்.

அது பிஸ்கட் பெட்டி, உள்ளே ஒன்றுமில்லை, குச்சி ஒட்டியது நான், பசை வாங்கியது நான் என்று ஒரு மணி நேரம் வாதாடினேன். சிவா அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு அரக்கன் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"கற்பூரம் காட்டுறதுக்கு முன்ன நீ சொன்னது சரிம்மா, காட்டினதுக்கு அப்புறம் அது எப்படிம்மா பெட்டி?"

சரிந்த அரக்கன்

கதையை மாற்றினேன். அரக்கன் கோயிலை நோக்கி வருவான், மாவீரன் குறுக்கே பாய்ந்து தடுப்பான், தொடாமலே சண்டை முடியும். பத்தாவது ஞாயிறு. முந்தின நாள் கூட வேலை செய்யும் தோழியின் கல்யாணத்துக்குப் போய்விட்டு, இரண்டு கை நிறைய மருதாணியோடு வந்தார் ஈஸ்வரி அக்கா. கையுறை மூடிவிடும், கவலை இல்லை என்றேன்.

கேமரா ஓடுகிறது. சிவா அண்ணன் பின்னால் நகர்கிறார். அரக்கன் வால் அவர் காலிலேயே சுற்றிக்கொண்டது! தொண்ணூறு கிலோ மனிதர், மேலே இருபது கிலோ ஸ்பாஞ்சு, நேராகக் கோயில்மேல் சரிகிறார். "ஐயோ, தாயே!" என்ற அலறல் அரக்கன் வாய்க்குள்ளிருந்து வருகிறது. ஈஸ்வரி அக்கா பாய்ந்தார். ஒரு முழங்கால் தரையில், தோள் அரக்கன் முதுகில், ஒரு கை கோபுரத்துக்கு மேலே விரித்தபடி. அழுத்தத்தில் வெள்ளிக் கையுறை மணிக்கட்டிலிருந்து விரல்வரை கிழிந்தது. நெற்றி விளக்கு மினுக் மினுக்கென்று துடிக்கிறது. பேட்டரி தீர்ந்தது நிஜமாகவே அப்போதுதான்! கோபுரத்துக்கும் அந்த மருதாணிக் கைக்கும் இடையில் ஒரு சாண். என் கேமரா அசையவே இல்லை. எப்படி என்று கேட்காதீர்கள்.

நாங்கள் ஓடி அரக்கனைத் தூக்கி நிறுத்தினோம். டொக், டொக். ஹெல்மெட்டைக் கழற்றினேன். தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியவர் முதலில் கேட்டது இது:

"கோபுரம் தப்பிச்சுதா? அப்ப இன்னொரு டேக் கேட்காத!"

முகம்தான் வீரன்

படத்தைத் திரையிட ஊர்ப் பொது மண்டபமான பாலாய் ராயா வேண்டும். மண்டபத்துக்கு இளைஞர் மன்றம் எழுதிக் கொடுக்க வேண்டும். மன்றத் தலைவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. போஸ்டரையும் மன்றமே அடித்தது. படத்தை அவர் பார்க்கவே இல்லை, குமரனின் போட்டோவை மட்டும் பார்த்தார்.

போஸ்டரைக் கிழித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வீரனாக நடித்தது ஈஸ்வரி அக்கா என்றேன். உடுப்புக்குள் யார் இருந்தால் என்னம்மா, ஜனங்கள் பார்ப்பது முகத்தைத்தானே என்றார். படத்தில் முகம் நான்கு நிமிடம், உடுப்பு பதினெட்டு நிமிடம் என்றேன். கல்யாணமாக வேண்டிய பெண், ஆம்பிளையோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டது என்று ஊருக்குத் தெரியலாமா என்றார். கட்டிப் புரண்டது ஆம்பிளையோடு இல்லை, அரக்கனோடு என்றேன். டீ குடிம்மா என்றார். நான்கு நாள் போனேன், நான்கு டீ குடித்தேன், போஸ்டர் அப்படியே இருந்தது.

ஐந்தாம் நாள், படத்தையே நிறுத்துகிறேன், இந்த ஊருக்கு அது கிடையாது என்று ஈஸ்வரி அக்கா வீட்டு வாசலில் நின்று கத்தினேன். அவர் தோளில் மருந்தெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்கு நாளாக இவருக்காகப் பேசினேனே, இவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா?

"படத்த நிறுத்தினா என் பேரு வந்துடுமா? பேருதான் வரல, என் கையாவது வரட்டும் யாழினி, அத மட்டும் வெட்டிடாத."

கை

ஞாயிறு பிற்பகல், மண்டபம் நிறைந்து வாசல்வரை ஆட்கள். பக்கத்து ஊர் கரங்கானிலிருந்துகூட வேன் பிடித்து வந்திருந்தார்கள். தௌக்கே முதல் வரிசை. தன் கடை நசுங்கியதும் எழுந்து நின்று கைதட்டினார்! அரக்கன் சரிந்தான். மாவீரன் பாய்ந்தான். கையுறை கிழிந்தது. திரை முழுக்க அந்தக் கை, மணிக்கட்டுவரை சிவந்த மருதாணி. பிறகு முன்வரிசைப் பிள்ளைகளில் ஒரு சிறுமியின் குரல்: "ஏய், அது அண்ணா இல்ல, அக்கா!" அப்புறம் வந்த கைதட்டலில் அடுத்த இரண்டு வசனம் யாருக்கும் கேட்கவில்லை.

விளக்குப் போட்டார்கள். தலைவர் பொன்னாடையோடு மேடையேறி, "மாவீரன் குமரன்!" என்று அழைத்தார். குமரன் ஏறினான். அந்தச் சிறுமி பிளாஸ்டிக் நாற்காலிமேல் நின்று, "அண்ணா, கையைக் காட்டுங்க!" என்றாள். மற்ற பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். கையைக் காட்டு, கையைக் காட்டு! குமரன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் கரைந்தது. "நான் மூணு நிமிஷத்துல மயங்கி விழுந்தவன் லா, ஐயா," என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, பொன்னாடை போர்த்துமுன் இறங்கிப் போய் ஈஸ்வரி அக்காவைக் கையோடு அழைத்து வந்தான்.

ஊரே பார்க்கிறது. தலைவருக்கு இப்போது வேறு முகம். பொன்னாடையை அக்கா தோளில் போட்டார். வலிக்கிற தோள், அக்காவின் முகம் சுளித்தது. "ஏம்மா ஈஸ்வரி," என்றார் தலைவர் மைக்கில், தேன் ஒழுக, "உள்ளே இருந்தது நீதான்னு முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்க போஸ்டர்ல போட்டிருக்க மாட்டோமா?"

நான்கு டீயும் என் தொண்டைக்கு ஏறி வந்தன. மேடையை நோக்கிப் பாய்ந்தேன். சிவா அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஈஸ்வரி அக்கா மைக்கை வாங்கி, விரல் மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார். டொக், டொக். பட்டிமன்றத்தில் மூன்று கோப்பை வாங்கிய நான் நான்கு நாள் பேசியும் வெல்லாத வழக்கை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்தார்:

"பதினொரு வாரமா உள்ள இருந்து சொல்லிக்கிட்டேதான் ஐயா இருந்தேன், ஹெல்மெட்டக் கழட்டிக் கேட்கத்தான் உங்களுக்குத் தோணல."