நாற்பதாம் பக்கத்துப் பத்தி

பற்றிக் என்ற மச்சினன் பேரைக் கேட்டாலே வில்பிரட்டுக்கு வயிறு எரியும். கண்டி டவுனில் பதினாறு வருஷமாக டைப்ரைட்டர் தட்டி, துரைமார் கடிதங்களை ஒரு பிழையும் இல்லாமல் அடித்துக் கொடுக்கிற மனுஷன் அவன். அம்பிட்டிய வீட்டில் அதை யார் மதித்தார்கள்? மனைவி டொரதி வாயைத் திறந்தால் "எங்க தம்பி, எங்க தம்பி"தான்.

தம்பி அப்படி என்ன செய்துவிட்டான்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் திருகோணமலையில் குண்டுவீச்சு விமானங்களோடு வெள்ளைக்காரப் படை ஒன்று வந்து இறங்க, அங்கே பெயின்ட் அடிக்கப் போனான். போன இரண்டாம் மாசம் ஒரு விமானம் கடலில் விழுந்தது. குதித்து நீந்திப்போய் விமானியை இழுத்து வந்துவிட்டான். அவ்வளவுதான்! பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றாலும் பற்றிக் பேச்சு, கடைக்குப் போனாலும் பற்றிக் பேச்சு. 'அவனை மகாவலி ஆத்துல இறக்கி நீந்தப் பழக்கினதே நான். அதை ஒருத்தராவது சொல்றாங்களா?' என்று வில்பிரட் உள்ளுக்குள் பொருமினான்.

நவம்பரில் அந்தப் படையின் அதிகாரி ஒருவர் லீவில் கண்டிக்கு வந்தார். படை தொடங்கிய நாள் முதலான சரித்திரத்தைக் கையால் எழுதி வைத்திருந்தார். அதை அடிக்கும் வேலை வில்பிரட்டின் மேசைக்கே வந்தது. முன்கூட்டி வாசிக்காமல் அடிப்பதுதான் அவனுடைய தொழில் கர்வம். கண் எந்த வரியிலோ விரலும் அந்த வரியில். போன யுத்தத்தில் பிரான்சில் போட்ட குண்டு, செத்துப்போன விமானிகள், படையைக் கலைத்தது, மறுபடி கூட்டியது எல்லாம் அப்படியே விரல்வழி போயின. நாற்பதாம் பக்கத்தில் ஒரு பத்தி 'பற்றிக்' என்று தொடங்கியது.

"அடப்பாவி, இங்கேயும் வந்துட்டியா?"

டொரதி இதைப் பிரேம் போட்டு மாட்டிவிடுவாளே! அடுத்த சொல்லைக்கூட அவன் பார்க்கவில்லை. பத்தியை அப்படியே தாண்டி அடித்தான். அதிகாரி ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கிப் போனார். வேலை முடிந்ததும் கையெழுத்துத் தாள்களை எரிப்பது அலுவலக வழக்கம், வில்பிரட்டே எரித்தான். கார்பன் பிரதி ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து டொரதியிடம் நீட்டினான். "முழுச் சரித்திரமும் இருக்கு. ஒந்தம்பி பேரு எங்கேயும் இல்ல." அவள் அதை வாங்கி அலுமாரியில் வைத்தாள். அன்றைக்கு அவனுக்குச் சோறு நன்றாக இறங்கியது.

டிசம்பரில் நத்தார் பண்டிகைக்குப் பற்றிக் வந்தான்.

"மச்சான், துரை எழுதினதைப் பார்த்தீங்களா? எங்கடா நீந்தப் பழகினேன்னு கேட்டாரு. எங்க மச்சான் வில்பிரட்தான் மகாவலியில பழக்கினாரு, அவரு இல்லாட்டி அந்த விமானி இல்லன்னு சொன்னேன். பேரோட எழுதிக்கிட்டாரு. எனக்கு ரெண்டு வரி, ஒங்களுக்கு நாலு வரி!"

டொரதி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். கலியாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் தன்னை அப்படிப் பார்த்து வில்பிரட் கண்டதில்லை.

"ஒங்க பேரா? வாசிச்சுக் காட்டுங்க!" என்று அலுமாரியைத் திறந்தவள், பாதியில் திரும்பினாள். "தம்பி பேரே இல்லன்னீங்களே?"

"இருந்துச்சு. நான்தான் அடிக்காம விட்டேன்."

"ஏன்?"

வில்பிரட் போய் அலுமாரியை மூடினான். பற்றிக் அவனைப் பார்த்தான்; விஷயம் புரிந்தது. பிறகு தட்டை நீட்டி, "கேக்கு நல்லாயிருக்குக்கா, மச்சானுக்கும் ஒரு துண்டு வை," என்றான்.