குவார்ட்டர்ஸுக்குப் போன காலி வண்டி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் இருந்தேன். எனக்கு வெள்ளானூர். பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறவளுக்கு ஆவடி குவார்ட்டர்ஸ். அவள் வீட்டுக்காரருக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை.

எங்கள் ஊரிலிருந்து காலையில் ஆவடிக்கு ஒரே பஸ் வண்டி. ஏறி இறங்குவதற்குள் புடவை கசங்கி, சாப்பாட்டுக் கூடையில் குழம்பு வழியும். ஆவடியில் எஸ்டேட் வண்டிக்கு நிற்கும்போது குவார்ட்டர்ஸ் வண்டி வரும். உள்ளே நாலைந்து பேர், ஆளுக்கொரு சன்னல். அவள் கூடைக்கும் ஒரு சீட் கொடுத்து உட்கார்ந்து வந்து இறங்குவாள். வாரிய தலை கலைந்திருக்காது. எனக்கு வயிறு எரியும். என்னிடம் அன்பாகத்தான் பேசுவாள். அதனால் இன்னும் எரியும்.

அந்த வண்டி நட்டத்தில் ஓடுவதாகக் கண்டக்டர் முனகுகிறார் என்று ஒரு நாள் அவளே சொன்னாள். அடுத்த வாரமே எங்கள் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு டெப்போ மேனேஜரிடம் போய், காலையில் இன்னொரு வண்டி வேண்டும் என்று கேட்டேன். எங்கள் ஊர் வண்டியும் திரும்பும்போது காலிதான் என்றார் அவர். “ஆள் இல்லாட்டியும் வண்டி டீசல் குடிக்கும்மா.”

“குவார்ட்டர்ஸுக்குப் போற காலி வண்டிய எங்க பக்கம் திருப்பி உடுங்க சார். நாங்க ரொப்பிக்கினு வர்றோம்” என்றேன்.

எல்லோரும் டிக்கெட் எடுப்பீர்களா என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதம் வண்டி வந்துவிட்டது. முதல் நாள் சன்னலோரம் உட்கார்ந்தேன். ஆனால் மனசெல்லாம் கம்பெனி வாசலில்தான் இருந்தது. அவள் எப்படிக் கசங்கி வருகிறாள் என்று பார்க்க வேண்டும்.

அவள் கசங்காமல் வந்தாள்.

“எங்க வண்டிய நிறுத்திட்டாங்க. நல்லவேளை, இவர் மொபெட் வாங்கிட்டார். தினம் கொண்டுவந்து விடுறேன்னு சொல்லிட்டார்.”

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் புலம்பினேன். “இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற? கேட்ட வண்டி வந்துச்சில்ல?” என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது?

மத்தியானத்தில் எங்கள் புது வண்டியில் ஆளே இல்லை என்று சீக்கிரமே அந்த ட்ரிப்பை நிறுத்தினார்கள். காலை வண்டி மட்டும் நிலைத்தது. ஆவடிக்குப் பிறகு எஸ்டேட் வண்டியில் பழையபடி நின்றுதான் போக வேண்டும். திருமுல்லைவாயில் பக்கம் அந்த மொபெட் எங்களை முந்தும். அவள் கூட்டத்துக்குள் என் தலையைத் தேடிக் கையாட்டுவாள். நானும் ஆட்டுவேன். ஆட்டாவிட்டால் தெரிந்துவிடுமே.