கோமதியின் புகையிலையும் நான் சொல்லாமல் வந்த இரண்டு மணி நேரமும்

1997 டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான் மலாக்கா போனதற்கு ஊர் சுற்றும் ஆசை காரணமில்லை. சித்தப்பா மகள் கோமதி இங்கிலாந்தில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பி, அலோர் காஜா பக்கம் ஒரு தனியார் ஆய்வுப் பண்ணையில் சேர்ந்திருந்தாள். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அவள் பேச்சுதான். நான் கோலாலம்பூரில் உயிரியல் ஆசிரியை. என்னைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அப்படி என்னதான் கிழிக்கிறாள் என்று பார்த்துவிடக் கிளம்பினேன். வயிற்றெரிச்சல்தான், மறைக்க ஒன்றுமில்லை.

கோலாலம்பூர் புடுராயா பஸ் நிலையத்தில் மதியம் இரண்டு மணி பஸ், ஆறு வெள்ளி, அதாவது ரிங்கிட், எண்பது காசு. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு இரண்டேகால் மணி நேரம். மலாக்கா பஸ் நிலையத்திலிருந்து புக்கிட் காத்திலில் இருக்கும் அவள் வீட்டுக்கு டாக்சி எட்டு வெள்ளி. மூன்று அறை, புதுக் கார், வாசலில் ஆர்க்கிட். ஆர்க்கிட்டைக்கூட அவளால் பூக்க வைக்க முடிகிறது!

நாங்கள் இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். ஆனால் சித்தப்பா தோட்டத்துக் கிராணி, அதாவது ரப்பர் பால் நிறுத்து எழுதுகிற கணக்கர். என் அம்மா பால் மரம் வெட்டியவள். கோமதிக்கு டியூஷன் இருந்தது. எனக்கு வாளி இருந்தது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு அவள் காரில் புறப்பட்டோம். அலோர் காஜா கடைத்தெருவில் ஆளுக்கு இரண்டு தோசை, ஒரு டீ, மூன்று வெள்ளி. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் செம்மண் பாதை. பண்ணைக்குள் வலையடித்த கண்ணாடி வீட்டில், இடுப்பளவுக்குப் புகையிலைச் செடிகள். பார்க்க வெறும் புகையிலைதான். ஆனால் அதற்குள் எலியிடமிருந்து எடுத்த ஒரு மரபணுவை வைத்திருக்கிறார்கள். நோயை எதிர்க்கும் புரதம் ஒன்றை இலை தயாரிக்கிறது.

"செடிக்கு அது அந்நியப் புரதம் தானே, எங்கே வைக்கும்?" என்று கேட்டேன். மடக்கிவிடலாம் என்ற நினைப்பு.

"அதுதான்க்கா விஷயமே. புரதத்தோட தலையில ஒரு முகவரி இருக்கும். அதைப் பார்த்து செல்லுக்குள்ள இருக்கிற வலைப்பின்னலுக்குள்ள இழுத்துக்கும். அங்கதான் மடிஞ்சு உருவம் வரும், சர்க்கரை ஒட்டும். சும்மா விட்டா வெளிய போயிரும். நாங்க வால்ல நாலு அமினோ அமிலம் சேர்த்திருக்கோம். வெளிய போகப் பார்த்தாலும் திரும்ப உள்ள இழுத்துட்டு வந்துரும்லா. அங்கேயே சேரும்."

நான் பத்து வருடமாகக் கரும்பலகையில் வரையும் அதே எண்டோபிளாச வலைப்பின்னல். நான் சாக்பீஸில் வரைகிறேன், அவள் அதற்குள் சாமான் அடுக்குகிறாள். அன்று அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் அவளுக்கும் ஒரு தலைவலி இருந்தது. செடியில் கிள்ளிச் சோதித்தால் புரதம் இருக்கிறது. அறுவடை இலை ஆய்வகத்துக்கு வந்து சேர்வதற்குள் காணாமல் போகிறது. "விதையில சேர்த்தா காஞ்சு மாசக்கணக்கா கெடாம இருக்கும். அதுக்கு இன்னும் வருசமாகும். இப்ப இலைதான். இன்னைக்கு வெட்டோட சேர்த்து இன்னும் மூணு வெட்டு, வாரத்துக்கு ஒண்ணு. அதுலயும் வரலன்னா பிராஜெக்ட மூடிருவாங்க" என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

ஏழு மணிக்கு வெட்டு ஆரம்பம். கோமதி ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். நான் பெண்களோடு நின்றேன். எல்லோரும் மூடிப்போன ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். ஏழரைக்கெல்லாம் இலையைச் சாக்கில் அமுக்கிக் கட்டி வெயிலில் போட்டுவிட்டு, கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஐஸ் பெட்டி பத்தடியில் இருந்தது.

"ஏன் மாரியக்கா, ஐஸ்ல போடலையா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.

"கிராணி வரணும்ல தங்கச்சி. நிறுக்காம எப்புடிக் குடுக்குறது? பால் எடுத்த காலத்துல இருந்து இதான் பழக்கம்."

பண்ணைக் கிராணி ஒன்பதரைக்கு வந்தார். சாக்குக்குள் கை விட்டுப் பார்த்தேன். சுட்டது. நசுங்கிய இலை, வெயில், இரண்டு மணி நேரம். செல் உடைந்தால் அதன் செரிமான நொதிகள் எல்லாவற்றிலும் கலந்து, சேர்த்துவைத்த புரதத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். கோமதி வாழ்நாளில் நிறுவை வரிசையில் உட்கார்ந்ததில்லை, அவள் அப்பாதான் நிறுத்தவர். ஆய்வகத்துக்கு வருவது ஐஸில் குளிர்ந்த சாக்கு. அவள் எப்படி யோசிப்பாள்?

நான் சொல்லவில்லை.

மதியம் என்னைக் கோலா சுங்கை பாருவுக்குக் கூட்டிப்போய், கடலோரக் கடையில் சுட்ட மீன் வாங்கிக் கொடுத்தாள். இருவருக்கும் பதினான்கு வெள்ளி, அவளே கொடுத்தாள். "நீ வந்தது ரொம்ப சந்தோசம்க்கா" என்றாள். முள்ளைப் பார்த்துச் சாப்பிட்டேன். மாலை ஐந்து மணி பஸ்ஸில் திரும்பினேன்.

பத்து நாள் கழித்துத்தான் போன் செய்தேன். அதற்குள் இரண்டாவது வெட்டும் வீணாகியிருந்தது. அவள் அழுதாள் என்று சித்தி சொன்ன பிறகு எனக்குத் தூக்கமில்லை. "இலைய வெட்டுனதும் ஐஸ்ல போட்டுட்டு, பெட்டியோடவே நிறுக்கச் சொல்லு" என்றேன். மூன்றாவது வெட்டில் புரதம் இருந்தது.

போகிறவர்களுக்கு: பாதையும் கட்டணமும் இப்போது மாறியிருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். தோட்டப் பக்கம் போனால் விடியலிலேயே போங்கள், எட்டுக்கு மேல் வெயில் தாங்காது. மீன் கடைக்கு மூன்று மணிக்குள் போய்விடுங்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதென்றால் மனசு சரியாக இருக்கும் நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள்.

அவளுடைய ஆய்வுக் கட்டுரை மறுவருடம் வெளிவந்தது. ஒரு பிரதி எனக்கு அனுப்பினாள். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் பேராசிரியர்களுக்குக் கீழே என் பெயர் இருந்தது. தக்க நேரத்தில் காரணத்தைக் கண்டு சொன்ன அக்காவுக்கு, என்று எழுதியிருந்தாள். என் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு தடவைதான். இதுவரை யாருக்கும் அதைக் காட்டியதில்லை.